இன்னொருவர் நாற்காலியில் ஐந்து மாதம்

கேள்வி: எனக்கு 34 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். பி.எஸ்ஸி. கணிதம் படித்து, 2014இல் பி.எட். முடித்தேன். அடுத்த ஆண்டே திருமணம், பிறகு இரண்டு குழந்தைகள். பள்ளியில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. மாலையில் வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வை ஒருமுறை எழுதித் தேறவில்லை. சின்னவனும் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டதால், ஆறு தனியார் பள்ளிகளில் விண்ணப்பம் கொடுத்தேன். ஐந்து பள்ளிகளில் 'அனுபவம் இல்லையே' என்று அனுப்பிவிட்டார்கள். ஆறாவது பள்ளியில், கணித ஆசிரியை பிரசவ விடுப்பில் போவதால் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மட்டும் வரச் சொல்கிறார்கள். மாதம் 9,000 ரூபாய். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டுமாம். 'ஐந்து மாத வேலைக்காக இத்தனை அலைச்சலா? ஜனவரியில் மறுபடி வீட்டில்தானே இருக்கப் போகிறாய்?' என்கிறார் கணவர். மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும். போகலாமா? போனால், அதற்குப் பிறகு நிரந்தரமாக வேலை கிடைக்க என்ன செய்ய வேண்டும்? இன்னொரு சின்னச் சந்தேகம்: 'எங்கள் பழைய மிஸ் எப்போது வருவார்கள்?' என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். ஆனால் அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். மூன்று நாள்தான் இருக்கிறது என்பதால் இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டேன். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

நானும் லீவ் வேகன்சியில், அதாவது விடுப்பில் போன ஒருவரின் இடத்தில், நுழைந்தவள்தான். 1988இல், மாதம் 600 ரூபாய்க்கு, நான்கு மாதம். பொங்கலுக்கு விட்ட விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு முப்பது ஆண்டுகள் ஆசிரியையாகவும், அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியின் முதல்வராகவும் இருந்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால், அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

மேலைநாடுகளில் ஓர் ஆசிரியர் காய்ச்சலில் படுத்தால், அன்று ஒரு நாளுக்கு மட்டும் வெளியிலிருந்து மாற்று ஆசிரியரை அழைப்பார்கள். அதையே தொழிலாகக் கொண்டவர்கள் அங்கே உண்டு. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. காலையில் மணி அடிப்பதற்குமுன் துணை முதல்வர் ஒரு சீட்டு எழுதுவார்: இன்று யார் வரவில்லை, எந்தெந்தப் பாடவேளை, அந்த நேரத்தில் யாருக்கு ஓய்வு. அந்தச் சப்ஸ்டிட்யூஷன் சீட்டு ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று நோட்டுத் திருத்த ஆரம்பிப்பார்கள். அதனால் 'தினமும் கூப்பிடுவார்கள், போய்வரலாம்' என்ற எதிர்பார்ப்பு இங்கே பலிக்காது. இங்கே மாற்று ஆசிரியர் என்றால் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று நீளும் விடுப்புக்குத்தான். அப்படி ஓர் இடம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

எப்போது இந்த இடங்கள் பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால், உங்கள் கணவர் கேட்ட ஜனவரிக் கவலைக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மே, ஜூனில் பள்ளிகள் நிரந்தர ஆட்களைத் தேடும். அங்கே அனுபவம் உள்ளவர்களோடு நீங்கள் மோத வேண்டும். கல்வியாண்டின் நடுவில் நிலைமை தலைகீழ். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் வந்தால் இளம் ஆசிரியைகள் திருமணமாகி வேறு ஊர் போவார்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முடிவு வெளியானால், தேறியவர்கள் அரசுப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்போது பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆளில்லாமல் முதல்வர் பதறிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் விளம்பரம் கொடுத்துக் காத்திருக்க மாட்டார். பக்கத்துப் பள்ளி முதல்வருக்குத் தொலைபேசியில் பேசி, 'உங்களிடம் வந்துபோன அந்தக் கணக்கு டீச்சர் எப்படி?' என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு நல்ல பதில் வரும்படி இந்த ஐந்து மாதத்தை நடத்துவதுதான் உங்கள் வேலை.

இனிச் சேர்வதற்குமுன் பேச வேண்டியவை.

சான்றிதழ் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். அசலை வாங்கிப் பீரோவில் பூட்டிவைப்பது பல தனியார் பள்ளிகளில் பழகிப்போன வழக்கம். ஆண்டின் நடுவில் ஆசிரியர் ஓடிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். ஆனால் நாளைக்கே வேறொரு நேர்காணலுக்கோ, சான்றிதழ் சரிபார்ப்புக்கோ அழைப்பு வந்தால் நீங்கள் அந்தப் பீரோவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். 'அசலைக் கொண்டுவருகிறேன். நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகலில் கையொப்பமிட்டுத் தருகிறேன். ஐந்து மாதமும் முழுதாக இருப்பேன் என்று எழுதித் தருகிறேன்' என்று சொல்லுங்கள். ஆகஸ்டில் கணக்கு ஆசிரியை கிடைப்பது எளிதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், பெரும்பாலும் இறங்கிவருவார்கள். தொகை எழுதாத காசோலை கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

9,000 குறைவுதான். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நியமிக்கப்படும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2022இல் 10,000 ரூபாய் என்று அறிவித்து, பின்னர் 15,000 ஆக்கினார்கள். அதைக் காட்டிப் பேசினாலும் தனியார் பள்ளி உங்களுக்கு அவ்வளவு தராது. அனுபவம் இல்லை என்பதையே திருப்பிச் சொல்வார்கள். சம்பளத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதைவிட வேறு மூன்றைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதிய நியமனக் கடிதம். இரண்டாவது, காலாண்டு, அரையாண்டு விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்ற தெளிவு. உங்கள் ஐந்து மாதத்துக்குள் இரண்டு விடுமுறைகளும் வருகின்றன. என்னைப் போல் பிறகு விழிக்காதீர்கள். மூன்றாவது, முடிவில் அனுபவச் சான்று. 'ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, இன்னின்ன வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தினார்' என்று அதில் இருக்க வேண்டும். வெறுமனே 'எங்கள் பள்ளியில் பணியாற்றினார்' என்றிருக்கும் காகிதத்தை அடுத்த பள்ளியில் யாரும் மதிக்க மாட்டார்கள். பள்ளியில் இருபது பேரோ அதற்குமேலோ வேலை செய்தால் உங்களுக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்க வேண்டும். அதையும் சாதாரணமாகக் கேட்டுவையுங்கள்; அந்த வைப்புநிதிக் கணக்கு எண் பிற்பாடு உங்கள் பணிக்காலத்துக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

அந்த ஆசிரியை எப்போது திரும்புவார் என்பதையும் விசாரியுங்கள். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம் வரை. உங்களிடம் ஐந்து மாதம் என்றிருக்கிறார்கள். அவர் விடுப்பை நீட்டினால் நீங்கள் தொடர முடியுமா என்பதை இப்போதே பேசிவைத்தால், டிசம்பரில் இரண்டு பக்கமும் சங்கடம் இருக்காது.

டியூஷனை விட வேண்டாம். நேரத்தை மட்டும் ஆறரைக்குத் தள்ளுங்கள். சில பள்ளிகள் தங்கள் மாணவர்களுக்கே ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதை அனுமதிப்பதில்லை. உங்கள் ஆறு பேரில் அந்தப் பள்ளிப் பிள்ளை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். நான் முதல்வராக இருந்தபோது எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்திலிருந்து கூட்டுவட்டியைத்தான் கொடுப்பேன். வந்தவர்களில் பெரும்பாலானோர் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதி, கட்டம் கட்டி, எண்களைப் போட்டு, விடையின் கீழ் இரண்டு கோடு இழுப்பார்கள். தவறே இருக்காது. பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் வந்த பெண் சூத்திரம் எழுதவில்லை. '10,000 ரூபாய், 10 சதவீத வட்டி, இரண்டு வருடம். தனிவட்டி எவ்வளவு?' என்றார். 2,000 என்றார்கள். 'முதல் வருட முடிவில் வட்டியையும் அசலோடு சேர்த்துவிட்டால்?' என்று கேட்டு, 11,000, அதற்கு 10 சதவீதம் 1,100, ஆக மொத்த வட்டி 2,100 என்று பிள்ளைகளையே சொல்லவைத்தார். பிறகு பலகையை விட்டு நகர்ந்து வந்து, 'அந்த 100 ரூபாய் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அரை நிமிடம் சத்தமே இல்லை. கடைசி வரிசையில் ஒரு பையன், 'வட்டி குட்டி போட்டிருக்கிறது, மிஸ்' என்றான். வகுப்பு சிரித்தது. நான் அலுவலகத்துக்குப் போய் நியமனக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கும் உங்களைப் போலவே ஒரு நாள் அனுபவம்கூட இல்லை. ஆறு டியூஷன் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மல்லாடும் உங்களுக்கு இந்தக் கேள்வி கேட்கும் வித்தை ஏற்கெனவே வந்திருக்கும். சூத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் அதைக் காட்டுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, 'எதுவரைக்கும் நடத்தியிருக்கிறார்கள்?' என்று வகுப்பைக் கேட்பது. நாற்பது பிள்ளைகள் நாற்பது பதில் சொல்வார்கள். 'இயற்கணிதமா? அதை ஆரம்பிக்கவே இல்லை மிஸ்' என்று கோரஸாக வரும். நம்பாதீர்கள். நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டையும் சுமாராகப் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு மை எந்தப் பக்கத்தோடு நிற்கிறதோ அதுவரைதான் பாடம் நடந்திருக்கிறது. முதல் நோட்டில் பாடம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டாவது நோட்டில் வகுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் உங்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை. முடிந்தால் விடுப்பில் போவதற்குமுன் அந்த ஆசிரியையை ஒரு மணி நேரம் சந்தித்துவிடுங்கள். பாடக்குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பதோடு, 'யாரை முன் வரிசையில் உட்காரவைக்க வேண்டும்?' என்றும் கேளுங்கள். குறிப்பேட்டில் இல்லாத விஷயமெல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும்.

'பழைய மிஸ் வேறுமாதிரிச் சொல்லிக்கொடுத்தார்கள்' என்று ஒரு குரல் வரும். கட்டாயம் வரும். 'அவர்கள் முறையை வந்து பலகையில் செய்து காட்டு' என்று சாக்பீஸை நீட்டுங்கள். சரியாக இருந்தால் அந்த முறையிலேயே தொடருங்கள். உங்கள் முறை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஐந்து மாதத்துக்காக ஒரு வகுப்பின் பழக்கத்தைக் கலைக்காதீர்கள். ஒரு மாற்று ஆசிரியர், 'இத்தனை நாள் உங்களுக்கு அடிப்படையே சொல்லித்தரவில்லை' என்று வகுப்பில் சொல்லிவிட்டார். அன்று மாலையே அது பெற்றோர் காதுக்குப் போயிற்று. மறுநாள் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த ஆசிரியைக்கும் போயிற்று. அந்த மாற்று ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துபவர்தான். ஆனாலும் நான் அவரை மறுபடி அழைக்கவில்லை, கேட்டவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

சப்ஸ்டிட்யூஷன் சீட்டில் உங்கள் பெயர்தான் அதிகம் வரும். புதியவருக்கு அது எழுதப்படாத விதி. முகம் சுளிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளைக்குப் போகச் சொன்னாலும் நடத்த ஒன்று கைவசம் இருக்கட்டும். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே விடை வரும் மூன்றுக்கு மூன்று மாயச்சதுரம் ஒன்று போதும், நாற்பது நிமிடம் அடங்கிக் கிடப்பார்கள். நான்கு பேர் விடுப்பு எடுத்த நாளில் சத்தமில்லாமல் வகுப்பைப் பார்த்துக்கொண்டவரைத் துணை முதல்வர் மறக்க மாட்டார்.

இந்த ஐந்து மாதத்துக்குள் தகுதித் தேர்வையும் தூசி தட்டி எடுங்கள். இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. மீதி 90, குழந்தை மேம்பாடும் தமிழும் ஆங்கிலமும் தலா முப்பது. கணிதப் பட்டதாரிகள் அறிவியலிலும் குழந்தை மேம்பாட்டிலும்தான் சறுக்குகிறார்கள். பள்ளியில் இருக்கும்போது ஓய்வுப் பாடவேளையில் அறிவியல் ஆசிரியையிடம் அனுமதி கேட்டு எட்டாம் வகுப்பின் பின்வரிசையில் போய் உட்காருங்கள். டியூஷன் சென்டருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். பொதுப்பிரிவினருக்கு 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் தேவை; மற்றப் பிரிவினருக்கான சலுகையை நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். முன்பு ஏழு ஆண்டு மட்டும் செல்லுபடியான சான்றிதழ், 2021 முதல் ஆயுள் முழுவதும் செல்லும் என்றாகிவிட்டது. அதனால் ஒருமுறை தேறினால் போதும். ஆனால் தேறியதும் அரசு வேலை வந்துவிடும் என்று வீட்டில் யாரும் கணக்குப் போட வேண்டாம். 2018 முதல் அதற்குமேல் ஒரு போட்டித் தேர்வும் இருக்கிறது. தகுதித் தேர்வின் உடனடிப் பயன் வேறு: 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக இடங்கள் அறிவிக்கப்பட்டபோது அதில் தேறியவர்களுக்குத்தான் முன்னுரிமை என்றார்கள். உள்ளூர்க்காரர்களையும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களையும் அடுத்ததாகப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடங்கள் கல்வியாண்டு முடிந்தால் முடிந்துபோகும், நிரந்தரமான ஆசிரியர் வந்தாலும் முடிந்துபோகும். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை. 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் பலர் நிரந்தரம் வரும் வரும் என்று காத்துப் போராடியே வயதைக் கடந்தார்கள். அந்தக் காத்திருப்பில் நீங்களும் போய் நிற்க வேண்டாம். ஜூனில் உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை ஒருமுறை பார்த்து, கணிதப் பணியிடம் காலியா என்று விசாரித்துவையுங்கள், அது போதும். மதுரை, திருச்சி வரை போய்வர முடியுமென்றால், கேந்திரிய வித்யாலயாக்கள் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நேர்காணல் வைத்துப் பட்டியல் தயாரிக்கும். தேவை எழும்போது அந்தப் பட்டியலிலிருந்து அழைப்பார்கள். உங்கள் குழந்தைகளின் வயதுக்கு அந்தப் பயணம் இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம்.

பயணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் தெருவழியாக எந்தெந்தப் பள்ளி வேன் போகிறது என்று எழுதிவையுங்கள். நடு ஆண்டில் அவசரமாக ஆள் தேடும் முதல்வருக்கு, 'நம் வேனிலேயே வந்துவிடுவார்' என்பது பி.எட். மதிப்பெண்ணைவிடப் பெரிய தகுதி. அந்தப் பள்ளிகளுக்கு நவம்பரிலேயே ஒரு பக்கத் தன்விவரத்தோடு நேரில் போங்கள். திங்கள் காலையில் போகாதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு மாலையில் போங்கள். முதல்வரைப் பார்க்க முடியாவிட்டால் அலுவலகக் கிளார்க்கிடம் கொடுங்கள். யார் விடுப்புக் கடிதம் கொடுத்திருக்கிறார், யார் ராஜினாமா யோசனையில் இருக்கிறார் என்பது தாளாளருக்குமுன் அவருக்குத்தான் தெரியும்.

கடைசி வாரத்தில் ஒரு காகிதத்தைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் எந்தப் பயிற்சியின் எத்தனையாவது கணக்குவரை முடிந்தது, அரையாண்டில் தோற்றவர்கள் யார், எந்த இடத்தில் தடுக்குகிறார்கள், யாருடைய விடைத்தாளில் பெற்றோர் கையொப்பம் இன்னும் வரவில்லை. இவ்வளவுதான். நான் முதலில் சொன்ன கூட்டுவட்டிப் பெண் அப்படி ஒன்றை எழுதி, மதிப்பெண் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்த ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கே வந்து, 'மேடம், நான் விடுப்பில் போனதாகவே தெரியவில்லை' என்றார். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும் சொன்னேன், வேறெதுவும் கேட்காமல் அவரை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் லீவ் வேகன்சிதான். மூன்றாவது பள்ளியில்தான் அவருக்கு நிரந்தரமாக இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுக்குமேல் ஆயிற்று. நடுவில் ஐந்து மாதம் வீட்டிலும் இருந்தார். உங்களுக்கும் அப்படி ஓர் இடைவெளி வரலாம். உங்கள் கணவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டியூஷனை விட வேண்டாம் என்று நான் சொன்னதும் அதற்காகத்தான்.

உங்கள் சின்னச் சந்தேகத்துக்கு வருகிறேன். 'பழைய மிஸ் எப்போது வருவார்கள்?' என்று பிள்ளைகள் கேட்டால், மழுப்பாதீர்கள். 'அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று வருவார்கள். அதற்குள் நாம் வாழ்வியல் கணிதத்தை முடித்து அவர்களுக்குக் காட்ட வேண்டும்' என்று சொல்லிவிட்டு, பாடத்தை ஆரம்பித்துவிடுங்கள்.